ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கப்பா கொத்தனார். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் செட்டியார் வீடுகளில் மராமத்து வேலை பார்த்தவர். புதிதாக ரசமட்டம் (ஸ்பிரிட் லெவல்) வாங்கினால் அதை எடுத்தவுடன் சுவரில் வைக்க மாட்டார். திண்ணையில் ஓர் இடத்தில் வைத்து, குமிழி எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு அதே இடத்தில் தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைப்பார். குமிழி மறுபடியும் அதே பக்கம், அதே அளவு தள்ளி நின்றால் மட்டம் சரி, திண்ணைதான் வாட்டம். பக்கம் மாறி நின்றால் திண்ணையைக் குறை சொல்ல வேண்டியதில்லை, மட்டத்தைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

கட்டுமான மேலாண்மை படிக்கிற மாணவர்களுக்குக் குழுப் போட்டியை நியாயமாக நடத்துவது எப்படி என்று பேசக் கூப்பிட்டார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் திண்ணைதான்.

போட்டி என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வரைபடம், வேலை விவரம், மனை நிலவரம் எல்லாம் ஒரு கட்டாகக் கையில் கொடுத்துவிடுவோம். ஐந்தாறு பேர் கொண்ட குழு அளவெடுத்து, எஸ்டிமேட் போட்டு, எந்த வேலை எப்போது என்று அட்டவணை போட்டு, ஜல்லியையும் மணலையும் எங்கே கொட்டுவது, ஆள் எத்தனை, பாதுகாப்பு என்ன என்பது வரை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் வீட்டுக்காரர் முன்னால் பேசுவதுபோல நடுவர்கள் முன்னால் பேச வேண்டும். அமெரிக்காவில் ரீனோ நகரத்தில் வருஷாவருஷம் நடக்கிற போட்டியில் காலையில் கேள்வியை வாங்கி, ராத்திரிக்குள் முழு டெண்டரையும் முடித்துக் கொடுக்கிறார்கள். இங்கே நாங்கள் எட்டு மணி நேரம் கொடுத்தோம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி தொடங்கியது 1952இல். இந்தப் பக்கம் சிவில் படிக்கிற பிள்ளைகளுக்கு அன்றிலிருந்தே பஞ்சமில்லை. ஆனால் பழைய வீட்டைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் குறைவு. அதனால் ஒரு வருஷம் பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றுகிற வேலையையே கேள்வியாக வைத்தேன்.

அங்கேதான் சறுக்கினேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது.

அந்த வீட்டின் பட்டாலை என்கிற கூடம் 40 அடிக்கு 12 அடி. பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதிக்க வேண்டும். கல்லின் அளவைக் கேள்வித்தாளில் போட மறந்துவிட்டேன். முந்தின நாள் சாயங்காலம் ஒரு குழுவின் ஆசிரியர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, கல்லு எத்தனை அங்குலம்?" என்றார். வேறு வேலையாக இருந்தவன், "எட்டு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கேட்டவர்மேல் குற்றமில்லை. சந்தேகம் வந்தது, கேட்டார். அதை மற்ற குழுக்களுக்கும் சொல்ல வேண்டியவன் நான்.

480 சதுர அடிக்கு எட்டங்குலக் கல் என்றால் 1,080 வேண்டும். பத்தங்குலக் கல் என்றால் 692 போதும். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் வைத்துச் சுடுவதில்லை. கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் போட்டு ஒவ்வொன்றாகக் கையால் செய்கிறார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். ஆகவே எண்ணிக்கை மாறினால் நாளும் மாறும், ஐப்பசி மழைக்குள் கல் வந்து சேருமா என்பதும் மாறும். அட்டவணை முழுக்க அந்த அங்குலக் கணக்கு ஒன்றில் தொங்கியது. பத்தங்குலம் என்று எடுத்துக்கொண்ட குழுக்களுக்கு எங்கள் விடைத்தாள்படி மார்க் போயிற்று.

முடிவு அறிவித்த பிறகு ஒரு பெண் கேள்வித்தாளோடு வந்தாள். கோபமில்லை. "சார், அளவு எந்தப் பக்கத்துல இருக்கு? நாங்க மூணு தடவை தேடுனோம்" என்றாள். வாங்கிப் புரட்டினேன். கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் டெண்டருக்கென்றே 1998இல் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. ஒரு ஒப்பந்தக்காரர் விளக்கம் கேட்டால் பதில் எல்லாருக்கும் போக வேண்டும் என்பது டெண்டர் போடுகிறவர்களுக்குப் பாலபாடம். போட்டியும் ஒரு டெண்டர்தான். கேள்வி எழுத்தில் வரட்டும், இன்ன நேரத்தோடு சரி என்று சொல்லிவிடுங்கள், எல்லாப் பதிலையும் எல்லாக் குழுவுக்கும் ஒரே தாளில் கொடுங்கள். நடத்துகிறவர் அந்த இரண்டு நாளும் போனை வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுவது உத்தமம்.

அளவெடுக்கும் முறையையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கட்டட வேலையை அளவெடுப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1200 படி, பூச்சு வேலையில் அரைச் சதுர மீட்டர் வரையுள்ள கதவு, ஜன்னல் திறப்பின் பரப்பைக் கழிக்கக் கூடாது. அதற்குமேல் மூன்று சதுர மீட்டர் வரை சுவரின் ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். நாலுக்கு மூணு அடி ஜன்னல் இந்த நடு வகையில் வரும். இரண்டு முகமும் கழித்த பையனுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது, முறை தெரியாது, அவ்வளவுதான். நம் ஊர் வீடுகளில் ஜன்னலுக்கா குறைச்சல்? காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டைக் கேள்வியாகக் கொடுத்தால் அந்தக் கழிவிலேயே பாதிப் போட்டி முடிந்துவிடும்.

விலைக்கு மார்க் வைப்பதிலும் கவனம் வேண்டும். குறைந்த தொகைக்கு முழு மார்க் என்றால், சாரம் கட்டுகிற கூலியை மறந்தவன் ஜெயிப்பான். விட்டுப்போன வேலையை நாமே விலைபோட்டுச் சேர்த்த பிறகுதான் தொகையை ஒப்பிட வேண்டும். கலர் பிரிண்ட், அட்டை மாடல், விலைகூடின மென்பொருள் எதற்கும் மார்க் கிடையாது. பேசுகிற வரிசைக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டால் போதும்.

இனி நடுவர்கள். நம் கையில் இருக்கிற ரசமட்டம் இவர்கள்தான்.

மூன்று நடுவர், இரண்டு குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நடுவர் ஒன்றாம் குழுவுக்கு 74, இரண்டாம் குழுவுக்கு 71 போடுகிறார். இரண்டாமவர் 73, 70. மூன்றாமவர் தாராளக்காரர், கோபக்காரரும்கூட. 55, 85 என்று போடுகிறார். கூட்டினால் 202க்கு 226. மூன்றில் இரண்டு பேர் நல்லது என்று சொன்ன குழு தோற்றுப்போகிறது. யாரும் பித்தலாட்டம் செய்யவில்லை. கை விரிந்த நடுவரின் ஓட்டு மட்டும் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசையை மட்டும் கேட்டிருந்தால் ஒன்றாம் குழு ஜெயித்திருக்கும். வரிசை முறையிலும் ஓட்டை உண்டு, நூலிழை வித்தியாசமும் மலையளவு வித்தியாசமும் அதில் ஒன்றாகிவிடும். அதனால் நான் செய்வது இது: போட்டிக்கு முந்தின நாள் நடுவர்களை உட்காரவைத்து, போன வருஷத்து விடைத்தாள் ஒன்றைத் தனித்தனியாகத் திருத்தச் சொல்வேன். ஒருவர் 50, ஒருவர் 80 போட்டால் ஏன் என்று அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே தாளைப் பெயர் மாற்றி மறுபடி நீட்டுவேன். காலையில் விறைப்பாக இருக்கிற கை, கோழிக் குழம்புக்குப் பிறகு எவ்வளவு இளகுகிறது என்று அவர்களே பார்த்துச் சிரித்துவிடுவார்கள். இதில் ஒரு பெரியவர் என்னிடம் கோபித்துக்கொண்டதும் உண்டு.

இந்தப் பக்கம் இன்னொரு சங்கடம். யாரைக் கேட்டாலும் சித்தப்பா, மாமா, பங்காளி. உறவோ பழைய மாணவரோ இருந்தால் அந்தக் குழுவுக்கு மட்டும் நடுவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும், மற்றவர்கள் போட்ட மார்க்கின் சராசரி போதும். கல்லூரிப் பெயரை மறைத்து எண் கொடுத்தாலும் சட்டையின் நிறம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தமிழிலும் பேசலாம் என்று கேள்வித்தாளிலேயே போடுங்கள். வாய்ச்சொல்லில் விட்டால் ஒரு பிள்ளையும் நம்பாது. சித்தாளிடமும் மேஸ்திரியிடமும் நாளைக்கு எந்த மொழியில் வேலை வாங்கப்போகிறார்கள்? பேசுகிற ஒருவனை மட்டும் கேட்காமல், ஓரத்தில் நிற்கிறவரிடமும் ஒரு கேள்வி போடுங்கள். கணக்குப் போட்டது பெரும்பாலும் அவர்தான்.

அந்த வருஷம் கல் கணக்குக்கான மார்க்கை நீக்கிவிட்டு மறுபடி கூட்டினோம். இரண்டாம் பரிசு மாறியது. கொடுத்த கோப்பையைத் திரும்ப வாங்க மனசு வரவில்லை. இன்னொன்று செய்து, நானே பஸ் ஏறிக் கொண்டுபோனேன். அந்தப் பெண் கோப்பையை வாங்கிப் பக்கத்தில் இருந்த பையனிடம் கொடுத்துவிட்டு, "சார், அளவு போட்ட கேள்வித்தாள் ஒண்ணு கிடைக்குமா? எட்டங்குலத்துக்கு ஒரு தடவை போட்டுப் பாக்கணும்" என்றாள். பைக்குள் ஒன்று வைத்திருந்தேன்.

வணக்கம்.