நம் ஆய்வு யார் கைக்குப் போய்ச் சேர்கிறது?

அனைவருக்கும் வணக்கம். தில்லியில் படிக்கவும் கற்பிக்கவும் வந்த தமிழர்கள் நிறைந்திருக்கும் அவை இது. ஆகவே இந்த ஊரில் நடந்த ஒரு வழக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

2012ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் சேர்ந்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. எதிர்த்தரப்பில் நின்றது தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை; கூடவே பல்கலைக்கழகம். பாடத்திட்டத்தில் உள்ள நூல்களிலிருந்து அத்தியாயங்களைப் படியெடுத்து, ஸ்பைரல் போட்டு மாணவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பது புகார். 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை கடவுள் கொடுத்த உரிமையோ இயற்கையாக வந்த உரிமையோ ஆகாது என்று தீர்ப்பில் எழுதினார். மேல்முறையீட்டிலும், கற்பித்தலுக்குத் தேவையான அளவு படியெடுப்பதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்றே அமர்வு சொன்னது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

வழக்கில் என்னை அதிகம் பாதித்தது தீர்ப்பைவிட இன்னொன்று. 300க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களும் கல்வியாளர்களும் வழக்கைத் திரும்பப் பெறுங்கள் என்று பதிப்பகங்களைக் கேட்டுக் கையெழுத்திட்டார்கள். எந்த நூல்களைப் படியெடுத்ததாகப் புகாரோ, அந்த நூல்களை எழுதிய பலரும் அவர்களில் இருந்தார்கள். அமர்த்தியா சென்னும் தனியே கடிதம் எழுதினார். எழுதியவர்களுக்குத் தங்கள் எழுத்து வாசிக்கப்பட வேண்டும் என்பதே பெரிதாக இருந்தது.

அந்த மூன்று பதிப்பகங்களில் ஒன்றின் பின்கதையையும் சொல்ல வேண்டும். 2024இல் டெய்லர் அண்ட் பிரான்சிஸின் தாய் நிறுவனமான இன்பார்மா, தான் வெளியிட்ட ஆய்வு எழுத்துகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயன்பாட்டுக்காகத் தர மைக்ரோசாப்ட்டுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. தொடக்கத் தொகையே 1 கோடி டாலர். கட்டுரை எழுதிய பலருக்கு அது செய்தி படித்த பிறகுதான் தெரிந்தது. மாணவர் படியெடுத்தபோது எழுத்தாளரின் உரிமை பறிபோகிறது என்று சொன்னவர்கள், விற்கும்போது அந்த எழுத்தாளரைக் கேட்கவில்லை. சட்டப்படி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பதிப்புரிமையை முழுதும் மாற்றித் தருகிறேன் என்ற படிவத்தில் நாம் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்? வேலைக்கான நேர்காணல் நெருங்கும் அவசரத்தில் அந்தப் படிவத்தை யாரும் படிப்பதில்லை. தயவுசெய்து படியுங்கள். தமிழில் மொழிபெயர்க்கும் உரிமையையாவது உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த விலை இந்தியப் பதிப்பைக் கேளுங்கள். கேட்டால் கிடைக்கும் இடங்களும் உண்டு.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். திருப்பூரில் ஆய்வு செய்த மாணவி ஒருவர் தம் பேட்டிப் பதிவுகளை எனக்குப் போட்டுக் காட்டினார். பின்னால் பவர் டேபிள் தையல் இயந்திரங்களின் இரைச்சல். தைப்பவருக்குத் துணியைக் கையால் மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை செய்யும் ஓர் அம்மா, டஜனுக்கு என்ன கூலி, எந்த வாரம் எவ்வளவு பிடித்தார்கள், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு யாரிடம் முன்பணம் வாங்கினார் என்று விரல் விட்டுக் கணக்குச் சொல்கிறார். நடுவில் சூப்பர்வைசரை ஒரு திட்டு, பிறகு சிரிப்பு, மீண்டும் விட்ட இடத்திலிருந்து கணக்கு. கொங்குத் தமிழில் அரைமணி நேரம் ஓடும் அந்தப் பேச்சு, ஆய்வேட்டில் ஆங்கிலத்தில் நாலு வரி. மூலத் தமிழ் பின்னிணைப்பில்கூட இல்லை. அந்த ஆய்வேடு நூலானால் கெட்டி அட்டையில் பல ஆயிரம் ரூபாய் விலை. திருப்பூரின் தொழிற்சங்க அலுவலகத்தில்கூட அதை வாங்கமாட்டார்கள்.

அந்த மாணவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டமும் பதவி உயர்வும் அந்த வழியில்தான் கிடைக்கின்றன. ஆனால் ஒரு சமூகத்தைப் பற்றிய ஆய்வை அந்தச் சமூகம் படிக்கவும் மறுக்கவும் முடியாவிட்டால், ஆய்வுக்கே ஊனம். கணக்கில் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அந்தக் கைமடி அம்மாதான்.

இதற்கு வழி இருக்கிறதா? இருக்கிறது, வேறு இடங்களில் பழகிய வழி. 1998இல் பிரேசிலில் தொடங்கிய சைலோ என்ற இணையத் தொகுப்பைப் பாருங்கள். லத்தீன் அமெரிக்க ஆய்விதழ்களைப் போர்த்துகீசியத்திலும் ஸ்பானியத்திலும் வாசகர் இலவசமாகப் படிக்கத் தந்தது. உலகம் தங்களைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகத் தாய்மொழியில் எழுதுவதை அவர்கள் நிறுத்தவில்லை. 2015இல் 'லிங்குவா' என்ற மொழியியல் இதழின் ஆசிரியர் குழு, எல்லோரும் இலவசமாகப் படிக்கும் இதழாக அதை மாற்றப் பதிப்பகம் இசையாததால் ஒட்டுமொத்தமாக விலகி, 'குளோசா' என்று புதிய இதழைத் தொடங்கியது. இதழின் மதிப்பு பெயர்ப்பலகையில் இல்லை, மதிப்பீடு செய்யும் அறிஞர்களிடம் இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்தது. எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காமல், நூலகங்களின் பங்களிப்பில் நடக்கும் மானுடவியல் இதழ்கள் இன்று பல. கட்டுரையைப் பெறுவது, மதிப்பீட்டாளருக்கு அனுப்புவது, வெளியிடுவது எல்லாவற்றுக்கும் கனடாவில் உருவான ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

நம் அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. 30 பதிப்பகங்களின் இதழ்களை அரசு நிறுவனங்களின் மாணவர்கள் படிக்கலாம். நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் இது படிக்கும் வழி மட்டுமே. நம் மொழியில் வெளியிடும் வழிக்கு அதில் ஒரு சிறு பங்கு ஒதுக்கினாலும் எத்தனை இதழ்கள் பிழைக்கும்!

பணம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 1969இல் பாளையங்கோட்டையில் டுட்டோரியல் கல்லூரி நடத்திக்கொண்டிருந்த நா. வானமாமலை 'ஆராய்ச்சி' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். பின்னால் பல்கலைக்கழகம் இல்லை. நெல்லை ஆய்வுக் குழுவில் கட்டுரையைப் படிக்கவைத்து, கேள்வி கேட்டு, திருத்தி அச்சேற்றினார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆய்வாளர்கள் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். இணையம் இல்லாத காலத்தில், கடிதமும் அச்சகமும் கொண்டு நடந்த வேலை அது.

பல்கலைக்கழக மானியக் குழு 2025இல், ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் குறித்த தன் 'கேர்' பட்டியலைக் கைவிட்டது. எந்த இதழை ஏற்கலாம் என்று நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்றது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் இதனால் பெருகலாம். அந்தக் கவலை எனக்கும் உண்டு. அதனாலேயே, கறாரான மதிப்பீட்டுடன் ஒரு தமிழ்ச் சமூகவியல் இதழுக்கு இதுவே நேரம் என்கிறேன். கட்டுரை தமிழில்; பேட்டியின் மூலப் பேச்சு முழுமையாக, பேசியவர் சம்மதித்தால் ஒலிப்பதிவும்; மதிப்பீட்டாளர் இருவரில் ஒருவர் கல்லூரிக்கு வெளியே அந்தத் தொழிலோ ஊரோ அறிந்தவர்.

தில்லியில் வரலாறு, சமூகவியல், பொருளியல் படித்த தமிழர்கள் ஓர் ஆசிரியர் குழு அமைக்கப் போதுமான அளவுக்கு இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்தத் துறையில் கட்டுரை மதிப்பிட முடியும் என்று பெயருடன் எழுதிவிட்டுப் போங்கள். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைத் தமிழில் எழுதத் தயாராக இருப்பவர்கள் அதற்கு எதிர்ப்பக்கத்தில் எழுதலாம். திருப்பூர் ஆய்வு செய்த மாணவியின் பெயர் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.