டிரெஸ்டனில் எது பழசு?

அவையோருக்கு வணக்கம்.

ஜெர்மனிக்குச் சுற்றுலா போகிறவர்கள் டிரெஸ்டன் நகரத்தை அரைநாளில் முடித்துவிடுகிறார்கள். பெர்லினிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான். எல்பே ஆற்றங்கரையில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு, ‘எவ்வளவு பழைய ஊர்!’ என்று வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கேதான் சிக்கல். பழசு என்று நினைத்து அவர்கள் படம் பிடித்ததில் பெரும்பகுதி புதுசு.

1945 பிப்ரவரி 13 இரவு பிரிட்டிஷ் விமானங்களும், மறுநாள் அமெரிக்க விமானங்களும் நகரின் நடுப்பகுதியைக் குண்டு வீசி எரித்தன. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டார்கள். ஃபிரௌவன்கிர்கே என்ற பெரிய தேவாலயம் அந்தத் தீயிலும் நின்றது. ஆனால் உள்ளே தூண்களெல்லாம் வெந்து போயிருந்தன. 15ஆம் தேதி காலையில் குவிமாடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கிழக்கு ஜெர்மனி அரசு அதைத் திரும்பக் கட்டவில்லை. கற்குவியலாகவே நாற்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது. ஜெர்மனி ஒன்றான பிறகு, இடிபாட்டிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து அளந்து, எது எங்கே இருந்தது என்று கணினியில் தேடி, 2005இல் கட்டி முடித்தார்கள்.

அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். வெளிர்மஞ்சள் கற்களுக்கு நடுவே அங்கங்கே கரிக்கட்டை மாதிரி கறுப்புக் கற்கள் தெரியும். அவைதான் பழையவை. குண்டு போட்ட புகை என்று யாராவது சொன்னால் முழுசாக நம்பிவிடாதீர்கள். அந்த வட்டாரத்து மணற்கல்லில் இரும்பு கலந்திருக்கிறது, காற்றிலும் மழையிலும் அது தானாகவே கறுக்கும். புதுக் கற்களும் ஒருநாள் கறுத்துவிடும். ஆக, இரண்டு நிறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் நம் காலத்திலேயே போய்விடுவது நல்லது!

ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் நகலெடுத்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கட்டடக் கலைஞர் செம்பர் எழுப்பிய யூத வழிபாட்டுக் கூடத்தை 1938 நவம்பரில் நாஜிகள் கொளுத்தினார்கள். அந்த இடத்தருகே 2001இல் எழுந்தது அலங்காரமே இல்லாத ஒரு கல் பெட்டி. நடந்ததை மூடி மறைக்காத அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே செம்பர் பெயரில் இருக்கும் ஆபரா என்ற இசைநாடக அரங்கமோ பழையபடியே கட்டப்பட்டது. குண்டுவீச்சின் நாற்பதாம் ஆண்டு நாளில், 1985 பிப்ரவரி 13 அன்று திறந்தார்கள். உள்ளே போனால் மேடைக்கு மேலே கடிகாரத்தைப் பாருங்கள். முள்ளே கிடையாது. இடப்பக்கம் ரோமன் எண்ணில் மணி, வலப்பக்கம் நிமிஷம், அதுவும் ஐந்தைந்தாகத்தான் மாறும். இருட்டில் ஆளாளுக்குச் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்து மணியடிக்க வைத்த தொல்லை தாங்காமல் அந்தக் காலத்து ராஜா செய்யச் சொன்னது என்று ஒரு கதை உண்டு.

சரி, பழசு என்று எதுவுமே இல்லையா? ஓவியங்கள் இருக்கின்றன. ரஃபேல் தீட்டிய சிஸ்டைன் மடோனாவைப் போர் முடிந்ததும் சோவியத் படை மாஸ்கோவுக்குக் கொண்டுபோய், 1955இல் திருப்பித் தந்தது. ஆனால் என்னைக் கேட்டால், அந்த ஊரில் உண்மையான பழசு காதுக்குத்தான் கிடைக்கும். ஆபராவில் வாசிக்கும் ஷ்டாட்ஸ்கபெல்லே இசைக்குழு 1548இல் தொடங்கியது. பக்கத்திலேயே கத்தோலிக்கப் பேராலயத்தில் சில்பர்மன் என்ற கைவினைஞர் வடிவமைத்த கடைசி ஆர்கன், அதாவது குழாய்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் பெரிய இசைக்கருவி, இருக்கிறது. அவர் இறந்த பிறகு 1755இல் முடிந்த வேலை அது. 1944இல் அதன் குழாய்களைக் கழற்றி வெளியே பத்திரப்படுத்தியதால் அவை தப்பின. மரக்கூடு எரிந்துபோனது.

ஆபரா டிக்கெட் விலையைப் பார்த்து மலைக்கிறவர்கள் பேராலயத்துக்குப் போகலாம். அங்கே பகலிலேயே ஆர்கன் வாசிக்கிற நாட்கள் உண்டு. வாசலில் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடுங்கள்.