கடலை விட்டு வந்தவர்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "கடற்படை வீரராக இருந்து அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜிம்மி கார்ட்டரின் நூறாண்டு வாழ்வை நிறைவாக்கியது நாட்டுப் பணியா, இல்லறமா?" என்பது தலைப்பு. இல்லறமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், 1953-இல் கார்ட்டர் கடற்படையிலிருந்து விலகி ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள பிளெயின்ஸ் என்னும் தம் சிற்றூருக்குத் திரும்பியதைச் சொல்லி, "கடலை விட்டுவிட்டுக் கடலை விதைக்கப் போனவரை என்னவென்று சொல்வது?" என்று கேட்டார். அரங்கம் அதிர்ந்தது. சொல் அழகுக்காக நானும் கைதட்டினேன். ஆனால் அந்த அழகான சொல்லுக்குள் ஒரு பழி ஒளிந்திருக்கிறது. கடலுக்கு அஞ்சியோ, கடமையில் சலித்தோ அவர் கரையேறிவிட்டார் என்பதுதான் அந்தப் பழி. அதைத் துடைக்காமல் என்னால் அடுத்த சொல் பேச முடியாது.

அவர் எப்படிப்பட்ட கடலைப் பார்த்தவர் என்பதைக் கேளுங்கள். 1946 ஜூன் மாதம் அன்னாபொலிஸ் கடற்படைக் கழகத்தில் பட்டம் பெற்றார். அடுத்த மாதம் 7-ஆம் நாள் ரோசலினைக் கைப்பிடித்தார். பிறகு பாம்ஃபிரட் என்ற நீர்மூழ்கிக் கப்பலில் பசிபிக் பெருங்கடலுக்குப் போனார். அந்தக் காலத்து நீர்மூழ்கிகள் மின்கலங்களுக்கு மின்னேற்றுவதற்காக நீர்மட்டத்துக்கு மேலே வந்தாக வேண்டும். புயல் வீசிய ஓர் இரவில் மேல்தளத்தில் காவல் நின்றிருந்த அந்த இளம் அதிகாரியை ஒரு பேரலை கைப்பிடியிலிருந்து பிய்த்துத் தூக்கிக்கொண்டு போயிற்று. சுற்றிலும் இருட்டு, காலுக்குக் கீழே கப்பல் இல்லை, தண்ணீர்தான். அலை இறங்கியபோது அவர் விழுந்த இடம் கப்பலின் பின்பக்கம் இருந்த பீரங்கியின் குழல். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கப்பல் சற்றே வேறு திசையில் திரும்பியிருந்தால் பீரங்கிக்குப் பதிலாகக் கடல்தான் அவரை வாங்கியிருக்கும். தப்பிப் பிழைத்தவர் என்ன செய்தார்? திரும்பி வந்து காவலைத் தொடர்ந்தார். இவரையா நண்பரே கடலுக்கு அஞ்சியவர் என்கிறீர்கள்?

அது போதாதென்றால் 1952 டிசம்பருக்கு வாருங்கள். கனடாவின் சாக் ரிவர் அணு உலை விபத்துக்குள்ளானபோது அதைப் பிரித்தெடுக்கப் போன அமெரிக்கக் கடற்படையினரில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கார்ட்டர். ஒரு டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரியை அமைத்து, எந்தத் திருகாணியை எப்படிக் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்துவிட்டு, ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் மட்டுமே உள்ளே இறங்கி வேலை செய்தார்கள். அதன்பின் மாதக்கணக்கில் அவருடைய சிறுநீரில் கதிரியக்கம் இருந்தது.

அப்படியானால் ஏன் விலகினார்? 1953 ஜூலையில் அவருடைய தந்தை கணையப் புற்றுநோயால் சாகக் கிடந்தார். அந்த வீட்டு வாசலுக்கு வெள்ளையரும் கறுப்பினத்தவரும் வந்துகொண்டே இருந்தார்கள். உங்கள் அப்பா எங்களுக்கு இந்த உதவி செய்தார் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகனுக்கு, கப்பலில் தனக்குக் கிடைக்கப்போகும் பதவியைவிட அந்த வாசல் பெரிதாகத் தோன்றியது.

இந்த முடிவை அவர் ரோசலினைக் கலந்து எடுக்கவில்லை. அது தவறு என்பதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நானும் அதை மறைக்கப் போவதில்லை. ரோசலின் கொதித்துப்போனார். நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியிலிருந்து ஜார்ஜியா வரைக்கும் காரில் பயணம். அது ஒரு நாளில் தீரும் தொலைவன்று. கூடவே மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஜாக்குக்கு ஆறு வயது. கைக்கெட்டும் தொலைவில் கணவர் வண்டி ஓட்டுகிறார்; மனைவி அவரோடு பேசவில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் என்ன சொன்னார் தெரியுமா? "ஜாக், வண்டியை நிறுத்த வேண்டும் என்று உன் அப்பாவிடம் சொல்." அப்பாவின் காதில் அது முதலிலேயே விழுந்துவிட்டது, ஆனாலும் ஜாக் சொன்ன பிறகுதான் அது செய்தியாகும். அவையில் இருக்கும் தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். "உங்க அப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறிப்போகுது" என்று சொல்லாத வீடு ஏது? மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பேரலை பணியவைக்க முடியாத, அணு உலை அசைக்க முடியாத ஓர் அதிகாரி, ஆறு வயதுப் பையன் கொண்டுவரும் செய்திக்காகச் சாலையைப் பார்த்தபடி காத்திருக்கிறார். இந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னவர் வேறு யாருமல்லர், கார்ட்டரேதான். மறக்காமல் வைத்திருந்தார் பாருங்கள்.

போன இடத்தில் சுகமா காத்திருந்தது? நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் குடியிருப்பில் குடியேறினார்கள். 1954-இல் மழை பொய்த்தது. ஏறக்குறைய கையில் எதுவும் நிற்கவில்லை. பேசாமல் வந்த ரோசலின்தான் அந்த விதைக்கடலை வணிகத்தின் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். எதில் லாபம், எதைக் கைவிடலாம் என்று கணவருக்கே சொல்லும் நிலைக்கு வந்தார். கேட்காமல் முடிவெடுத்த அதே மனிதர் 1977-இல் குடியரசுத் தலைவரான பிறகு, அமைச்சரவைக் கூட்டத்தில் ரோசலின் வந்து அமர்ந்து குறிப்பெடுத்தார். கடலை விதைத்த மண்ணில் விளைந்தது அது.

எதிரணியினர், எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே அவர் முன்னின்று செய்துவைத்த கேம்ப் டேவிட் உடன்படிக்கையையும் 2002-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசையும் அடுக்கினார்கள். மறுக்கவில்லை. ஆனால் 2015-இல், தொண்ணூறு வயதில், தம் வாழ்வின் சிகரம் என்று கார்ட்டர் சொன்னது ரோசலினை மணந்ததைத்தான். இன்னொன்றும் கேளுங்கள் நண்பரே. அவர் விட்டுவந்த அதே கடற்படை, ஓர் அணுசக்தி நீர்மூழ்கிக்கு ஜிம்மி கார்ட்டர் என்று பெயர் வைத்தது. 2004-இல் அந்தக் கப்பலுக்குப் பெயர்சூட்டியவர் ரோசலின்.

நடுவர் அவர்களே, 1927-இல் பிளெயின்ஸில் ரோசலின் பிறந்தபோது பிரசவம் பார்த்த செவிலி கார்ட்டரின் தாய் லில்லியன். சில நாள் கழித்து, மூன்று வயதுகூட நிரம்பாத மகனைக் கூட்டிப்போய்த் தொட்டிலைக் காட்டினார். 2023 நவம்பர் 19-ஆம் நாள் ரோசலின் கண்மூடினார். மணவாழ்க்கை எழுபத்தேழு ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. அட்லாண்டாவில் நடந்த அஞ்சலிக்குத் தொண்ணூற்றொன்பது வயதுக் கணவரைச் சாய்வு நாற்காலியில் கொண்டுவந்தார்கள். அவர் மடியைப் போர்த்தியிருந்த போர்வையில் இருவரின் முகங்களும் இருந்தன. மகள் ஏமி, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கடற்படையில் இருந்தபோது அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதத்திலிருந்து சில வரிகளை வாசித்தார். நான் நினைப்பது போல நீ அவ்வளவு அழகாக இருக்க மாட்டாய் என்று தொலைவில் இருக்கும்போது என்னை நானே நம்பவைத்துக்கொள்கிறேன். திரும்பி வந்து உன்னைப் பார்த்ததும் மறுபடியும் காதலில் விழுகிறேன் என்ற பொருளில் அந்த இளைஞர் எழுதியிருந்தார். எழுதியவர் எதிரே சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பதின்மூன்று மாதம் கழித்து அவரும் போனார். 2025 ஜனவரி 9-ஆம் நாள் பிளெயின்ஸில் கடற்படை விமானங்கள் வானில் அணிவகுத்துக் கடந்தன. அவற்றின் ஓசை அடங்கிய பிறகு, இருவரும் வாழ்ந்த வீட்டின் குளக்கரையில், ரோசலினுக்குப் பக்கத்தில் அவரை இறக்கினார்கள்.