ஆன்டிபாடி இருந்தும் எச்ஐவி ஏன் போவதில்லை?

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்குக் கீழே ஒருவர், "ரத்தத்தில் ஆன்டிபாடி வந்துவிட்டால் எச்ஐவி தானாகப் போய்விடும்" என்று எழுதியிருக்கிறார், அதற்கு லைக் வேறு குவிகிறது. இதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால்? பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடிக்க நம் உடம்பு செய்யும் புரதம், எச்ஐவி தொற்றிய கிட்டத்தட்ட எல்லாருக்கும்தான் வருகிறது. சில வாரங்களிலேயே வந்துவிடும், ரேபிட் டெஸ்ட்டில் கோடு விழுவதே அதை வைத்துத்தான். வைரஸ் அசையாது.

இந்தத் தெர்மகோல் பந்துதான் வைரஸ். 40 ரூபாய்! சரி, போகட்டும் என்றால், குண்டூசியைச் சில்லறையாகத் தர மாட்டாராம், டப்பாவாகத்தான் வாங்கணுமாம், அது 35. நான் குத்தியதோ வெறும் 14. மீதியை வைத்து நான் என்ன தையல் கடையா நடத்தப் போகிறேன்? விலை விஷயத்தில் என் வாய் சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியாததா.

குண்டூசிதான் வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முள், ஆன்டிபாடி பிடிக்க வேண்டியது அதைத்தான். ஏன் 14 என்றால், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தபோது ஓர் எச்ஐவி துகளில் சராசரியாக அவ்வளவு முட்கள்தான் இருந்தன. ஃப்ளூ வைரஸில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆன்டிபாடிக்கு இரண்டு கை. முட்கள் இப்படித் தள்ளித் தள்ளி நின்றால் ஒரு கை பிடிக்கும், இன்னொன்றுக்கு எட்டாது, பிடி சுலபமாக நழுவிவிடும்.

ஐயோ, சர்க்கரையைச் சொல்லாமல் ஓடுகிறேனே! அந்த முள்ளின் வெளிப்பகுதியான ஜிபி120 புரதத்தின் எடையில் பாதி சர்க்கரைதான். அதை ஒட்டிக்கொடுப்பது நம் செல்லேதான், அதனால் நோய் எதிர்ப்பு மண்டலம் நம்ம ஆள்தானே என்று பெரும்பாலும் விட்டுவிடுகிறது. எனக்குக் கடுப்பேற்றுவதே இந்தத் திருட்டுத்தனம்தான்.

இதையும் மீறி, சில மாதங்களில் வைரஸை முடக்கும் ஆன்டிபாடி வரும். அதற்குள் வைரஸ் உருமாறியிருக்கும். ஒரே நோயாளியிடம் இன்று எடுத்த சீரம், அதாவது ஆன்டிபாடி இருக்கும் ரத்தத் தெளிநீர், அவருடைய சில மாதங்களுக்கு முந்தைய வைரஸை முடக்குகிறது, இன்று அவர் உடம்பில் ஓடுவதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. 2003-இல் வந்த ஆய்வுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

சிலருக்கு மட்டும், இரண்டு மூன்று வருடம் கழித்து, பலவகை எச்ஐவியை முடக்கும் ஆன்டிபாடி உருவாகிறது. 2010-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்த விஆர்சி01 அப்படிப்பட்டது. சோதித்த ரகங்களில் சுமார் 90 சதவீதத்தை முடக்கியது. அதைத் தந்த நோயாளியின் சொந்த வைரஸ் மட்டும் அதற்கு எப்போதோ டிமிக்கி கொடுத்துவிட்டது.