மழையில் நனைந்த அரசி

நேயர்களுக்கு வணக்கம்.

1953 ஜூன் 2, லண்டன். இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா ஊர்வலம். மழை விட்டபாடில்லை. மற்ற விருந்தினர்கள் குதிரை வண்டியின் கூரையை இழுத்து மூடிக்கொண்டார்கள். ஒரு வண்டி மட்டும் திறந்தபடியே வந்தது. அதில் ஆறடி மூன்று அங்குல உயரத்தில் ஒரு பெண்மணி, தொப்பலாக நனைந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கையசைத்துக்கொண்டே போனார். கூட வந்த, மலாயாவின் கிளந்தான் சுல்தானும் சேர்ந்து நனைந்தார். யாரைக் கௌரவிக்க வந்தோமோ அவரைப் போலவே தானும் நடந்துகொள்வது டோங்கா நாட்டு முறையில் மரியாதை ஆகாதாம். எலிசபெத் மூடிய தேரில் போனதால் இவர் திறந்த வண்டியில் போனார் என்று விளக்கம் சொன்னார்கள்.

டோங்கா அரசி சலோட்டேயை உலகம் அந்த ஒரு நாளுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவர் 47 ஆண்டுகள் ஆண்டவர். அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

டோங்கா பசிபிக் கடலில் உள்ள சின்னத் தீவு நாடு. சலோட்டே பிறந்தது 1900இல். அப்பா மன்னர் இரண்டாம் ஜார்ஜ் துபோ. அவர் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணைப் பிரபுக்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் பார்த்து வைத்த பெண் வேறு. அந்தக் கோபம் பிறந்த குழந்தையின் மேலும் விழுந்தது. குழந்தைக்கு இரண்டு வயதானபோது அம்மா இறந்துவிட்டார். அப்பா மறுமணம் செய்தபோது சிறுமியைப் படிக்க நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு அனுப்பிவிட்டார்கள். இளைய தாரத்துக்கு ஆண் வாரிசு பிறக்கும் என்று எதிர்பார்த்தார்கள், பிறக்கவில்லை. 1918 ஏப்ரலில் மன்னர் இறந்ததும், வேண்டாத பிள்ளையாக வளர்ந்த சலோட்டே 18 வயதில் அரியணை ஏறினார்.

ஏறிய வருஷமே பேரிடி. நவம்பரில் தலூன் என்ற கப்பலோடு இன்ஃப்ளூயன்சா என்ற விஷக்காய்ச்சல் வந்து இறங்கியது. நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் செத்துப்போனார்கள்.

இனி அவருடைய கல்யாணத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரபுக்களின் பகை தணிந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டோங்காவில் மூன்று பழைய அரச வம்சங்கள். அதிகாரம் இருந்தது சலோட்டேயின் வம்சத்திடம். 1917இல் அவரை மணந்த துங்கி, இன்னொரு வம்சத்தின் வாரிசு. அவரைவிடப் பன்னிரண்டு வயதுக்கு மேல் மூத்தவர். இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளிடம், இருவரின் முன்னோர் வழியாக, மூன்று வம்சத்து ரத்தமும் ஒன்றுகூடியது. அப்புறம் எந்தப் பிரபு வாய் திறப்பார்? துங்கி 1923 முதல் பிரதமராகவும் இருந்தார். 1941இல் அவர் இறந்தபின் சலோட்டே 24 ஆண்டுகள் தனியாகவே நாட்டைச் சுமந்தார். பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1951இல், அவர் ஆட்சியில்தான்.

ஆனால் என் மனதில் நிற்பவர் கவிஞர் சலோட்டே. அவர் நிறையப் பாட்டு எழுதினார், அதிலும் லகலகா என்ற கூட்டு நடனத்துக்கு. ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்று பாடியபடியே ஆடுவது அது. அந்தப் பாட்டில் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். பூவைச் சொன்னால் அது ஒரு குலத்தைக் குறிக்கும், ஊரைச் சொன்னால் அந்த ஊர்த் தலைவரை. இதற்கு ஹெலியாகி என்று பெயர். நம் சங்கப் பாட்டில் உள்ளுறை என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வைக்கலாம். எந்தக் குலம் யாரோடு உறவு, யாருக்கு என்ன பெருமை என்பதையெல்லாம் அரசியே பாட்டில் வைத்துக் கொடுத்தார். தன்னை ஒதுக்கிய பிரபுக்களின் ஊர்களும் அதை ஆடின.

சலோட்டே 1965 டிசம்பர் 16 அன்று, சிறுமியாகப் படித்த அதே ஆக்லாந்து நகரில், மருத்துவமனையில் காலமானார். உடலை டோங்காவுக்குக் கொண்டுவந்து தலைநகர் நுகுஅலோஃபாவில் அடக்கம் செய்தார்கள். அவர் எழுதிய லகலகாக்களை அங்கே இன்றும் ஆடுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.