வங்கி வாழ்வே முதலில்

நடுவர் அவர்களே, வெள்ளவத்தையில் இந்த மாலை கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். வங்கியில் உழைத்த ஒரு குடும்பத் தலைவர் காலமானபின் முதலில் நினைக்க வேண்டியது அவருடைய வீட்டு வாழ்வையா, வங்கி வாழ்வையா என்பது தலைப்பு. வங்கி வாழ்வையே என்பது எங்கள் அணி.

"அவருடைய கதிரைக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிடும், வீட்டில் அந்த இடத்துக்கு யார் வருவார்?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். நல்ல கேள்வி. கதிரைக்கு ஆள் வரும், சரி. ஆனால் அந்தக் கதிரையில் இருந்தவர் எப்படி இருந்தார் என்பதை யார் சொல்வது?

கணினி வராத காலத்தை எண்ணிப் பாருங்கள். பேரேட்டில் எல்லாம் கையெழுத்து. மாலையில் காசும் கணக்கும் ஒத்துவராமல் எழும்ப முடியாது. பெட்டகத்துக்கு இரண்டு திறப்பு, இரண்டு உத்தியோகத்தர்களிடம். ஒருவர் தனியே திறக்க வழியில்லை. என் பெரியப்பா அப்படி ஒரு திறப்பு வைத்திருந்தவர். நல்லூர்த் தேருக்கு ஊருக்குப் போவதென்றாலும் திறப்பை இன்னொருவரிடம் எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைத்த பிறகுதான் ரயில் ஏறுவார்.

பெரியம்மாவின் தம்பி புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார். கடையைப் பெருப்பிக்க அந்தக் கிளையிலேயே கடன் கேட்டார். பெரியப்பா அந்த விண்ணப்பத்தைத் தொடவில்லை. "இவர் என் உறவு" என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். கடன் கிடைக்கவில்லை. "ஒரு கையெழுத்துத்தானே அத்தான், போட்டால் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனவர், நெடுங்காலம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பெரியம்மா அழுதார். கடைசியில் பெரியப்பா தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுத்தார். இதுவும் குடும்பப் பாசம்தானே என்று எதிரணியினர் எழும்புவார்கள். பாசம்தான். ஆனால் ஊரார் காசு எது, தன் காசு எது என்று அந்தப் பாசத்துக்குள்ளும் பிரித்துப் பார்த்தாரே, அதை அவருக்குப் பழக்கியது அந்தக் கதிரை.

இந்தப் பிரிவினை ஏன் பெரிது என்பது கொழும்புக்குத் தெரியும். 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. கோப்பித் தோட்டங்கள் இலை நோயில் அழிந்துகொண்டிருந்த நேரம். அந்த வங்கி வெளியிட்ட காசு நோட்டுகளை வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசே பொறுப்பு என்று அறிவிக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் உள்ளூர் வியாபாரிகளுக்கு வங்கிக் கடன் எட்டாக் கனி. செட்டியார் தெருவில் வட்டிக்குக் கொடுப்பவர்களிடம்தான் கடன். 1939இல் இலங்கை வங்கி வந்தபிறகே அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. திறந்த கதவில் நின்றவர்கள் இந்த அப்பாக்கள்.

1996 ஜனவரி 31. கோட்டையில் மத்திய வங்கி மீது குண்டுத் தாக்குதல். 90க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காலையில் வேலைக்கு என்று புறப்பட்டுப் போனவர்கள். வேலையை விட்டுவிட்டு அவர்களை எப்படி நினைப்பது, சொல்லுங்கள்?

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கிற நினைவு மலரைப் பாருங்கள். தேவாரம், திருவாசகம், அப்புறம் மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகளின் கண்ணீர் வரிகள் பக்கம் பக்கமாக. வேண்டியதுதான். வங்கிக்கு மட்டும் 'இளைப்பாறிய முகாமையாளர்' என்று ஒற்றை வரி.

பிள்ளைகள் தகப்பனை மறக்கப் போவதில்லை நடுவர் அவர்களே, அதற்குத் தீர்ப்பு தேவையில்லை. மற்றத் திறப்பை வைத்திருந்தவருக்கும் இப்போது வயதாகிவிட்டது. அவரிடம் போய் நாலு பக்கம் எழுதி வாங்குங்கள் என்று குடும்பங்களுக்குச் சொல்லி, எங்கள் பக்கம் தீர்ப்புத் தாருங்கள். நன்றி, வணக்கம்.