தாயம் ஏன் லேசில் விழுவதில்லை?

மாணவர்களே, என் கையில் இருக்கும் இந்தப் பித்தளைத் தாயக்கட்டைகள் என் பாட்டி உருட்டியவை. ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு பக்கம். ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் மூன்று; மீதிப் பக்கம் வெறுமை. காய் இறங்க வேண்டுமானால் ஒன்று விழ வேண்டும். அதுதான் தாயம்.

இரண்டையும் சேர்த்து உருட்டினால் கூட்டுத்தொகை 0 முதல் 6 வரை, ஏழு விதமாக வரும். அப்படியானால் தாயத்தின் நிகழ்தகவு 1/7 தானே? எந்த வகுப்பில் கேட்டாலும் பல கைகள் ‘ஆமாம்’ என்று எழும். வெட்கப்பட வேண்டாம். பிரெஞ்சுக் கணித மேதை டி’அலம்பேரே 1754-இல் இப்படித் தடுக்கி விழுந்தார். நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழுமா? முதலிலேயே தலை, பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ என்று மூன்று வழிகளை எண்ணி 2/3 என்றார். ஆனால் முதலில் தலை விழுவதற்கு மட்டுமே பாதி வாய்ப்பு இருக்கிறது. சரியான விடை 3/4.

சரி, கட்டைக்கு வருவோம். ஒன்றின் ஓரத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்திருக்கிறேன், பாருங்கள். சிவப்பில் 0, மற்றதில் 1 என்றாலும் தாயம். சிவப்பில் 1, மற்றதில் 0 என்றாலும் தாயம். 0 + 1 = 1 + 0, இது பரிமாற்றுப் பண்பு. தொகை ஒன்றுதான் என்று அது சொல்கிறதே தவிர, நிகழ்ச்சி ஒன்றுதான் என்று சொல்லவில்லை. (க + ச)² விரித்தால் நடுவே 2கச வருகிறதே, அந்த 2 எங்கிருந்து வந்தது? கச ஒரு முறை, சக ஒரு முறை. மதிப்பு ஒன்று, வந்த வழி இரண்டு.

இனி பங்கீட்டுப் பண்பு. சிவப்பின் ஒவ்வொரு பக்கமும் மற்றதன் நான்கு பக்கங்களோடும் சேரும்: 4 × 4 = 16. அதில் தாயத்துக்கு 2 வழி, ஆக 1/8. மூன்றுக்கு 4 வழி. ஆறுக்கு ஒரே வழி.

“அஞ்சு தடவை விழல, இப்போ கட்டாயம் விழும்” என்பார்கள். போன உருட்டல் கட்டைக்குத் தெரியாது; ஆறாவதிலும் அதே 1/8 தான். ஐந்து முறையும் விழாமல் போக, 7/8-ஐ ஐந்து முறை பெருக்குங்கள். பாதிக்குச் சற்று மேலேயே வரும்! பாட்டி வீட்டுத் திண்ணையில் காய் இறங்காமல் நான் அழுத மதியங்களில் அதிசயம் ஏதுமில்லை.

முன்வரிசையிலிருந்து இருவர் வாருங்கள். 160 முறை உருட்டுங்கள். தாயம் 20-ஐ ஒட்டியும் மூன்று 40-ஐ ஒட்டியும் வருகிறதா என்று நான் பலகையில் கோடு போட்டுக்கொண்டே வருகிறேன்.